அபினேஷ் முதல் மார்க் வாங்கின கதை

போன வாரம் கணக்கு டீச்சரான எனக்குக் கொடுத்த வேலை ரொம்ப சாதாரணம். எட்டாம் வகுப்பு கணக்கு மார்க்கை எக்செல்ல மேலருந்து கீழ வரிசைப்படுத்தி மீட்டிங்குக்கு எடுத்துட்டுப் போகணும். அவ்ளோதான்.

எங்க ஸ்கூல் மூலக்குளத்துல. எச்.எம். மேடம் ஏதோ ட்ரெய்னிங் போயிட்டு வந்ததுலருந்து, "இனிமே யாரும் மனசுல பட்டதப் பேசக்கூடாது. டேட்டாதான் பேசணும்"னு ஆர்டர். அந்த டேட்டாப்படி முதல் மார்க்குக்கு டவுன்ல நடக்குற கணக்குப் போட்டி. கடைசி மார்க்குக்கு சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ்.

மார்க் இருந்த பகுதியை மட்டும் செலக்ட் பண்ணி, வரிசைப்படுத்துற பட்டனை அமுக்கினேன். கம்ப்யூட்டர் ஏதோ கேள்வி கேட்டுச்சு. படிக்காமலே ஓகே குடுத்துட்டேன். "கேள்விய ஒழுங்கா படிச்சுட்டு பதில் எழுதுங்க!"ன்னு தினமும் கத்துற வாய் இது!

மார்க்கெல்லாம் அழகா இறங்கிடுச்சு. பேரெல்லாம் அட்டெண்டன்ஸ் வரிசைலயே நின்னுட்டதை நான் கவனிக்கல. இங்கிலீஷ்ல ஏ-ல ஆரம்பிக்கிற அபினேஷ் முதல் மார்க். இசட்-ல ஆரம்பிக்கிற ஜரீனா கடைசி மார்க்.

அபினேஷுக்குப் பின்னம்னாலே காய்ச்சல் வரும். ஜரீனா அந்தப் போட்டிக்காக லீவுலகூட கணக்குப் போட்ட பொண்ணு.

தினமும் அதே அட்டெண்டன்ஸைக் கூப்பிடுற ஆளுங்கதான் மீட்டிங்ல உக்காந்திருந்தோம். ஒருத்தருக்காவது உறைக்கணுமே!

"அபினேஷ் அமைதியானவன். அமைதில ஆழம் இருக்கு"ன்னாரு சயின்ஸ் சார்.

"என் கிளாஸ்லயும் தலைய ஆட்டிக்கிட்டே இருப்பான். அது மேத்ஸ் மூளைதான்"னாங்க பிரெஞ்சு மிஸ்.

"ஜரீனாவுக்குக் கொஞ்ச நாளா கவனம் செதறுது. நான் அப்பவே நெனச்சேன்"னாரு தமிழ் ஐயா.

பேப்பர் திருத்தினவ நான். எனக்கு லேசா இடிக்கத்தான் செஞ்சுது. ஆனா மனசுல பட்டதப் பேசக்கூடாதே!

போட்டிக்கு அபினேஷ், ஸ்பெஷல் கிளாஸுக்கு ஜரீனான்னு முடிவாச்சு. "இதுதான் டேட்டாவோட பவர்"னு மேடம் கைதட்டினாங்க. நானும் தட்டினேன்.

முதல் பீரியட்லயே கிளாஸ்லயும் சொல்லியாச்சு. மறுநாள் காலைல ஜரீனாவோட அப்பா வந்துட்டாரு. டவுன்ல டெய்லர் கடை வச்சிருக்காரு. கையில விடைத்தாள்.

"மிஸ், புள்ள ராத்திரி சாப்புடவே இல்ல. அழுதுக்கிட்டே கெடக்குது. தொண்ணூத்தாறு போட்டு 'சபாஷ்'னு எழுதியிருக்கீங்களே, இது உங்க கையெழுத்துதான?"

என் கையெழுத்துதான். பக்கத்துல நட்சத்திரம் வேற வரைஞ்சிருக்கேன்!

"ஸாரிங்க பாய், தப்பு என்னோடது"ன்னு சொல்லிட்டு ஓடிப்போய் மறுபடி வரிசைப்படுத்தினேன். இந்தத் தடவ கேள்விய எழுத்துக் கூட்டிப் படிச்சேன்: 'பக்கத்துல இருக்குற பேரையும் சேத்து மாத்தவா?' போட்டி நடத்துறவங்க கையில கால்ல விழுந்து பேரை மாத்தியாச்சு. ஜரீனாகிட்ட நேர்ல மன்னிப்பு கேட்டேன். "பரவால்ல மிஸ்"னு அவ சிரிச்சப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

அவசர மீட்டிங். புது லிஸ்ட்டைக் காட்டினேன். ஜரீனா முதல், அபினேஷ் கடைசி.

"ஜரீனாதான்னு நான் அப்பவே நெனச்சேன்"னாரு தமிழ் ஐயா.

"அபினேஷ் ரொம்ப அமைதி. அதான் பிரச்சனையே"ன்னாரு சயின்ஸ் சார்.

மிச்சம் அபினேஷ்தான். எப்படிச் சொல்றதுன்னு தயங்கித் தயங்கி, "நீ ஸ்பெஷல் கிளாஸுக்கு வரணும்பா"ன்னேன்.

அவன் முகம் வாடிடுச்சு. "நான் ஃபர்ஸ்ட்டாவே இருந்துக்கிறேனே மிஸ். நேத்து முழுக்க 'உனக்கெல்லாம் தெரியும்'னு எந்த டீச்சரும் என்னை ஒரு கேள்விகூட கேக்கல."