ரதோமிருக்கு வந்த ஒற்றைத் தலைவலி

இந்த ஆண்டு ஒரு மிளகாயைக்கூட உரிப்பதில்லை என்று ரதோமிர் சபதம் எடுத்திருந்தான்.

முற்றத்தில் நாற்பது கிலோ சிவப்புக் குடைமிளகாய் வந்திறங்கியிருந்தது. குளிர்காலம் முழுக்க ரொட்டியில் தடவிக்கொள்ள அய்வார் என்னும் மிளகாய் விழுது கிளற வேண்டும். சுடுவது மனைவி ஸ்மில்யா, சுடச்சுடத் தோலுரிப்பது அவன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். ஆனால் இன்று நான்கு மணிக்குத் தொலைக்காட்சியில் பெல்கிரேடின் இரண்டு பெரிய கால்பந்து அணிகளும் மோதுகின்றன!

தப்பிக்கும் வழி வீட்டிலேயே இருந்தது. ஸ்மில்யாவின் ஒற்றைத் தலைவலி. அது வந்தால் அவளை யாரும் வேலை ஏவுவதில்லை. வராமல் தடுக்கத் தினம் ஒரு மாத்திரை, வந்துவிட்டால் உடனே போட வேறொன்று. அந்த இரண்டாவது பெட்டிமேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு குறுகுறுப்பு. உள்ளே மடித்திருந்த மருந்துக் குறிப்புத் தாளை மட்டும் உருவிக்கொண்டு போய், கழிப்பறையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பதுபோல் உருப்போட்டான்.

ஒன்றரை மணிக்கு, தலைவலிக்கான கைவைத்தியமாக நெற்றியில் உருளைக்கிழங்கு வில்லைகளைக் கட்டிக்கொண்டு படுக்கையில் விழுந்தான்.

"ஸ்மில்யா... எனக்கும் வந்துடுச்சு."

"எது?"

"உன்னோடது. ஒட்டுவாரொட்டி போல."

"அடப் பாவமே! என்ன பண்ணுது?"

"விரல் நுனியெல்லாம் சுருசுருங்குது. வாய் வறண்டு போச்சு. கழுத்தை யாரோ அமுக்கற மாதிரி இருக்கு. தூக்கம் தூக்கமா வருது."

"தலை?"

தலையை மறந்தே போயிருந்தான்.

"அதுவும்... ஓரமா வலிக்குது."

ஸ்மில்யா கட்டிலில் உட்கார்ந்து அவனை உற்றுப் பார்த்தாள்.

"மனுஷா, நீ சொன்னதெல்லாம் தலைவலியில வர்றது இல்ல. மாத்திரை போட்டப்புறம் சில பேருக்கு வர்றது. தாள்ல பின்பக்கம் போட்டிருக்கு. என் மாத்திரையைப் போட்டியா?"

போடவில்லை என்றால் விரல் எப்படிச் சுருசுருக்கும்?

"போ... போட்டேன்."

"அடுத்தவங்க மருந்தைப் போடலாமா? சரி, எனக்கு ரெண்டு மணி நேரத்துல விட்டுடும். மூணரைக்கு நீ எழுந்துடுவே. அதுக்குள்ள நான் எல்லாத்தையும் சுட்டு வச்சுடறேன்."

"விடலேன்னா?"

"ஆஸ்பத்திரி. அந்த வரிசையில உன் ஆட்டமும் முடிஞ்சுடும்."

சரியாக மூன்றரைக்கு வலி பறந்துவிட்டது. ஆவி பறக்கும் மிளகாய் முன்னால் அவன் உட்கார்ந்தான். நான்கு மணி தாண்டியதும் பக்கத்து வீட்டில் "கோல்!" என்று கூரை பிய்ந்தது.

"ஸ்மில்யா, இப்போ நிஜமாவே விரல் நுனி சுருசுருங்குது."

"அது மிளகாயோட பக்க விளைவு," என்றாள் அவள், தலை நிமிராமல். "மாத்திரைப் பெட்டி வியாழக்கிழமையே காலி."