எங்கள் குழம்பில் விஷம் இல்லை

திங்கட்கிழமை மதியம் ஆகியும் மணியம்மாளின் நண்டுக் குழம்பு, அடுப்பிலிருந்து இறக்கிய மட்டத்திலேயே நின்றது. பழவேற்காடு படகுத்துறைக்கு எதிரே அவள் கடை போட்ட நாளாக இப்படி நடந்ததில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்களும், மீஞ்சூரிலிருந்து ஏரி பார்க்க வந்தவர்களும் வாசல் வரை வந்தார்கள். போர்டை நிமிர்ந்து படித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

முந்தின நாள் மாலை தொலைக்காட்சியில் வந்த துப்பறியும் தொடர்தான் காரணம். அதில் ஒரு படகு முதலாளி ஏரிக்கரைக் கடையில் உட்கார்ந்து நண்டுக் குழம்பு சாப்பிடுகிறார். தண்ணீர் குடிக்கிறார். அப்படியே இலைமேல் கவிழ்ந்து செத்துப்போகிறார். துப்பறிவாளர் செங்கதிர் குழம்புச் சட்டிக்குள் எட்டிப் பார்த்துப் புருவத்தைத் தூக்குகிறார். அத்தோடு நிறுத்திவிட்டார்கள். மீதி அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

கடை மணியம்மாளின் கடை. சட்டியும் அவள் சட்டி. செத்தவர் தலைக்கு மேலே ‘மணியம்மாள் மீன் சாப்பாடு’ என்ற போர்டு எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத் தெரிந்தது.

“போர்டு தெரியலன்னா ஷூட்டிங் உடமாட்டேன்னு குதிச்சது யாரு?” என்று கணவனைக் கேட்டாள்.

“விளம்பரம்னு நெனச்சேன்மே. சாவுற சீனுன்னு எவனும் சொல்லலியே” என்றான் துளசிங்கம்.

“பொணத்துக்குக் கால் புடிச்சியே, அப்பகூடவா தெரில?”

“ஒரு கை புடிப்பான்னாங்க. வெளியூர்க்காரங்க. ஒத்தாசை பண்றது தப்பா?”

மணியம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். ஏரியின் முகத்துவாரத்தை மண் மூடிக் கிடந்தது. துளசிங்கம் வீசுகிற வலையில் பாசிதான் ஏறியது. வீட்டில் உலை கொதிப்பது இந்தக் கடையால்தான். கடை படுத்தால் குடும்பமும் படுக்க வேண்டியதுதான்.

அன்றைக்கு வந்து உட்கார்ந்த ஒரே ஆள் ஷேர் ஆட்டோ ஓட்டும் மாசிலாமணி. அவன் வழக்கமான வாடிக்கை.

“ஊத்துக்கா” என்றான்.

“டிவி பாக்கலியாடா நீ?”

“பாத்தேன். அவனுங்க ஆயிரம் சொல்வானுங்க. அதுக்குன்னு சோறு துன்னாம இருக்க முடியுமா?”

மணியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொரு நண்டு எடுத்துப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை துளசிங்கம் ஒரு யோசனை செய்தான். அட்டையில் பெரிய எழுத்தில் ‘எங்கள் குழம்பில் விஷம் இல்லை’ என்று எழுதி வாசலில் தொங்கவிட்டான். அதுவரை தொடரைப் பார்த்தவர்கள்தான் பயந்தார்கள். இப்போது பார்க்காதவர்களும் பயந்தார்கள். விவரம் தெரியாமல் உட்கார்ந்திருந்த ஒரு மீஞ்சூர்க் குடும்பம் அட்டையைப் படித்தது.

“ஏங்க, இத்த எதுக்கு எழுதி மாட்டிக்கிறீங்க?” என்று கேட்டார் குடும்பத் தலைவர்.

“வெசம் இல்லன்றதுக்குத்தான்” என்றான் துளசிங்கம்.

“எப்பலேர்ந்து இல்ல?”

துளசிங்கம் பதில் யோசிப்பதற்குள் அவர்கள் எழுந்துவிட்டார்கள். ஒரு வாய்கூடச் சாப்பிடாதவர்கள், போகும்போது எல்லாரும் சோப்புப் போட்டுக் கைகழுவிக்கொண்டு போனார்கள்.

“அட்டையைக் கழட்டுய்யா!” என்று கத்தினாள் மணியம்மாள்.

கழற்றினான். கழற்றியதைப் பார்த்த எதிர்க்கடைக்காரர்கள், “அப்போ இப்ப இருக்குதா?” என்று கேட்டார்கள்.

புதன்கிழமை அவன் வேறு வழி பார்த்தான். படகுத்துறையில் ஆள் கூடுகிற நேரமாகப் பார்த்து, நடுவாசலில் பெஞ்சைப் போட்டு, எல்லாரும் பார்க்கக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டான். “பாத்துக்கங்கபா! நான் துன்றேன், எனக்கு ஒண்ணும் ஆவல!” என்று வாய் நிறையச் சோற்றோடு கூவினான். கூவிய வேகத்தில் நண்டு ஓடு தொண்டையில் சிக்கிக்கொண்டது.

கண் பிதுங்கியது. பெஞ்சிலிருந்து சரிந்தான். மணியம்மாள் ஓடிவந்து முதுகில் குத்தினாள். ஓடு தெறித்து விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் ஒருவரும் இல்லை. ஓடிப்போனவர்களில் யாரோ செல்போனில் படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்பியிருந்தார்கள். சரிந்தது மட்டும்தான் அதில் இருந்தது, எழுந்தது இல்லை.

சாயங்காலம் திருப்பாலைவனத்திலிருந்து மணியம்மாளின் தம்பி மணிகண்டன் பஸ் பிடித்து, கையில் பெரிய ரோஜா மாலையோடு அழுதுகொண்டு வந்திறங்கினான். வாசலில் துளசிங்கம் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான்.

“மாமா, நீ உசிரோட கீறியா?” என்றான் மணிகண்டன். குரலில் சந்தோஷமும் இருந்தது. மாலைக்கு என்ன செய்வது என்ற கவலையும் இருந்தது.

மணியம்மாளுக்கு அன்றைக்கு அடுப்பை மூடிவிட்டு ஏரியைப் பார்த்து உட்காரத்தான் தோன்றியது. அழுதாள். அழுது முடித்ததும், படப்பிடிப்பு நடத்திய மேனேஜர் வினோத்தின் நம்பர் இருப்பது ஞாபகம் வந்தது. போன் போட்டாள்.

“தம்பி, அடுத்த வாரம் கதையில அந்த ஆளு எப்படி செத்தான்னு வருது?”

“அதைச் சொல்லக் கூடாதுக்கா. என் வேலை போயிடும்.”

“என் கடையே போயிட்ச்சு தம்பி. கொழம்புல வெசம் இல்லன்னு மட்டும் சொல்லு. போதும்.”

“அக்கா, அது வந்து...” என்று இழுத்தான் வினோத்.

“கொழம்புலதானா?” என்றாள்.

“குழம்புலதான்கா.”

மணியம்மாள் போனைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். அவள் அழுத அழுகை அந்தப் பக்கம் வினோத்தைக் கரைத்தது. அவனே சொன்னான்: “அழாதீங்கக்கா. எல்லாம் எடுத்து முடிச்சாச்சு. ஆனா கடைசியில ஒரு சீன்ல துப்பறிவாளர் ஏரியைப் பாத்து முதுகு காட்டி நிக்கிறார். வாய் தெரியாது. அங்க குரலை மாத்தினா விஷத்தைத் தண்ணிக்குக் கொண்டுபோயிடலாம். காரணம்தான் பொருத்தமா சொல்லணும்.”

“இன்னா காரணம் வேணா சொல்லிக்க ராஜா. என் கொழம்ப மட்டும் காப்பாத்து.”

“உங்க கையால நாள் தவறாம சாப்பிட்டிருக்கேன்கா. அதை மறக்க முடியுமா? காரணத்தை நான் பாத்துக்கறேன்.”

சனிக்கிழமை அவனே கூப்பிட்டு, “முடிஞ்சதுக்கா, நிம்மதியா இருங்க” என்றான்.

ஞாயிறு மாலை மணியம்மாள் வீட்டு டிவியைத் தூக்கிவந்து கடை வாசலில் வைத்தாள். வழியில் போனவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். படகுத்துறை முழுக்கக் கூடிவிட்டது. முன் பெஞ்சில் மாசிலாமணி. ரோஜா மாலை, வீணாகக் கூடாது என்று டிவிக்கே சாத்தப்பட்டிருந்தது.

கடைசிக் காட்சி வந்தது. துப்பறிவாளர் செங்கதிர் ஏரியைப் பார்த்து முதுகு காட்டி நின்றார்.

“குழம்பில் விஷம் இல்லை” என்றார்.

கூட்டம் ஆர்ப்பரித்தது. துளசிங்கம் இரண்டு விரலை வாயில் விட்டு விசில் அடித்தான். மணியம்மாள் டிவியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

செங்கதிர் தொடர்ந்தார். “விஷம் தண்ணீரில் இருந்தது. கொலைகாரனுக்கு ஒரு விஷயம் தெரியும். இந்தக் கடையில் சாப்பிடுகிற யாரும் சொம்பில் ஒரு சொட்டுத் தண்ணீரை மிச்சம் வைக்க மாட்டார்கள். ஏனென்றால் குழம்பில் அவ்வளவு உப்பு.”

விசில் பாதியில் நின்றது.

யாராவது சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக, “வர்றேன்கா” என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து போனார்கள்.

மறுநாளும் மணியம்மாள் சமைத்தாள். போனால் போகட்டும், கொலைப்பழி நீங்கியதே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். மதியம் ஆயிற்று. சட்டி தளும்பத் தளும்ப நின்றது. மாசிலாமணியின் ஆட்டோ வந்து வழக்கமான இடத்தில் நின்றது. அவள் இலையைப் போட்டுத் துடைத்து வைத்தாள்.

அவன் இறங்கவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தான்.

மணியம்மாள் கடையை விட்டு இறங்கினாள். ஆட்டோவண்டை போய் நின்றாள்.

“இன்னாடா மாசிலாமணி, நீயுமா? வெசம்னு ஊரே ஒதுங்கினப்ப, நீ ஒருத்தன்தானே நம்பாம வந்து துன்னே?”

மாசிலாமணி அவள் முகத்தைப் பார்க்காமல் தயிர்ச்சோற்றைப் பிசைந்தான்.

“வெசம்னப்ப, இவனுங்களுக்கு இன்னா தெரியும்னு நெனச்சேன்கா. உப்புன்னான் பாரு, அப்பதான் தெரிஞ்சிச்சு, அந்த ஆளு நெஜமாவே துப்பறியறான்னு.”