பொம்மைத் தலைக்குச் சொன்ன பலன்

எங்கள் தெருமுனையில் புதிய சலூன் திறந்ததும் ஊரில் இரண்டு காரியங்கள் நடந்தன. எல்லோருக்கும் எதிர்காலம் தெரிந்துவிட்டது. எல்லோருக்கும் கிருதா கோணலாகிவிட்டது. முதல் காரியத்தின் பூரிப்பில் இரண்டாவதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அந்தச் சலூன்காரர் வெறுமனே முடி வெட்டுகிறவர் அல்ல. பெயர்ப்பலகையிலேயே 'கேசஞானி' என்று போட்டுக்கொண்டவர். கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு, துண்டு சுற்றிய தலையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஈரக் கற்றையை இரண்டு விரலால் உருட்டுவார். உருட்ட உருட்ட உங்கள் கவலை வெளியே வரும். பின்னாலேயே அதற்குப் பரிகார எண்ணெயும் வரும். பல் வைத்தியர் போனார், வங்கி மேலாளர் போனார். நிரூபணம் இல்லாமல் ஒரு தேற்றத்தையும் நம்பாத கணக்கு டீச்சர்கூட மூன்று பாட்டில் எண்ணெயோடு திரும்பினார்.

என் அக்காவும் போனாள். பழைய சலூன்காரம்மா வேறு ஊருக்குப் போய்விட்டதால், கல்யாணத்துக்குத் தலை அலங்காரம் செய்ய ஒரு நல்ல கை தேடிக்கொண்டிருந்தாள். அலங்காரம் கேட்கப் போனவள் அழுதுகொண்டு வந்தாள். முடிப் பொருத்தம் இல்லையாம். மாப்பிள்ளைக்கு வழுக்கையாம். வழுக்கை என்பது எழுதாத ஏடாம். அதில் இவளுக்கு இடமே இல்லையாம். கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்றாள். மாப்பிள்ளையான பேக்கரிக்காரர் சுடும் ரொட்டியின் வாசனையை இரண்டு வருடமாகத் துப்பட்டாவில் சுமந்து திரிந்தவள் சொல்கிற பேச்சா இது?

"அவருக்கு வழுக்கைன்னு நான் சொல்லவே இல்லடி. ஞானியே சொன்னார்," என்றாள்.

"வேற யார்கிட்டயும் சொல்லலையா?"

"தலை அலசி விடுற அக்காகிட்ட சும்மா புலம்பினேன். அது வேற."

அது வேறதான். நான் நேராகப் பேக்கரிக்கு ஓடினேன்.

பேக்கரிக்காரர் கோபப்படவில்லை. மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு என்னோடு வீட்டுக்கு வந்து, கடைசியாக ஒரு தடவை மூன்று பேருமாகப் போய்க் கேட்டுவிடலாம், அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் விலகிக்கொள்கிறேன் என்று அக்காவிடம் சொன்னார். சொல்லும்போது அவர் காது மட்டும் சிவந்திருந்தது.

சலூன் பெஞ்சில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்தோம். உள்ளே தலை அலசும் அம்மா வெந்நீரை இதமாக ஊற்றி, இதமாக விசாரிப்பார். வெந்நீர் பட்டால் யாருக்குத்தான் வாய் திறக்காது? கேட்டு முடித்ததும் அலமாரியிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சுற்றிவிடுவார். கல்யாணக் கவலை சொன்ன பெண்ணுக்கு ரோஸ். மாப்பிள்ளைக்கு வழுக்கை என்று புலம்பிய அக்காவுக்கு அன்று கிடைத்தது கோடு போட்ட ரோஸாம். வேலைக் கவலை சொன்னவருக்கு நீலம். முட்டி வலிக்காரருக்கு மஞ்சள்.

பேக்கரிக்காரர் என் பக்கம் குனிந்தார். "எங்க கடையில முட்டை போட்ட கேக்குக்குச் சிவப்பு நூல், போடாததுக்குப் பச்சை நூல். கவுன்டர்ல இருக்கிறவர் டப்பாவைத் திறந்தே பார்க்க மாட்டார்."

"ஆனா கண்ணைக் கட்டியிருக்காரே," என்றாள் அக்கா.

"மூக்கோரமா பாரு. எலியே போகலாம், அவ்வளவு சந்து," என்றார் அவர்.

சன்னலோரத்தில், வெட்டிப் பழகுவதற்கான பொம்மைத் தலை ஒன்று நீளக் கூந்தலோடு வீற்றிருந்தது. தலை அலசும் அம்மா அடுத்த தலைக்கு வெந்நீர் ஊற்றத் திரும்பிய நேரத்தில், பேக்கரிக்காரர் அதற்கு ஒரு ரோஸ் துண்டைச் சுற்றி, ஒரு கற்றையை நனைத்து வெளியே இழுத்துவிட்டு, நாற்காலியின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். பெஞ்சைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். மொத்தப் பெஞ்சும் மூச்சைப் பிடித்தது.

"எங்க வீட்டுப் பொண்ணுங்க. ரொம்பக் கூச்சம், பேசாது," என்றார்.

ஞானியின் மூக்கு லேசாக மேலே உயர்ந்தது. விரல் உருண்டது. "உன் மனசுல ஒருத்தர் இருக்கார்மா. வெளியே சொல்ல முடியாம சாப்பாடு இறங்கல உனக்கு."

அதற்குத் தொண்டையே இல்லை. எங்கே இறங்கும்?

பேக்கரிக்காரர் ரோஸ் துண்டை உருவி நீலத்தைச் சுற்றினார். அதே தலை, அதே கற்றை. அடுத்த ஆள் வந்தாயிற்று என்றார். கட்டை அவிழ்த்தால் சக்தி கலைந்துவிடும் என்பதால் ஞானி அவிழ்க்கவில்லை. மூக்கு மட்டும் மறுபடி உயர்ந்தது.

"ஆபீஸ்ல உங்க நாற்காலிக்குக் கீழே குழி பறிக்கிறாங்க சார். நம்ம எண்ணெயை மூணு பாட்டில் தேய்ங்க."

கணக்கு டீச்சர்தான் முதலில் சிரித்தார். வாங்கிய மூன்று பாட்டிலுக்கும் சேர்த்துச் சிரித்தார். பிறகு பெஞ்சே குலுங்கியது. அக்கா எழுந்துபோய் ஞானியின் கண்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"பாருங்க. இந்த சாருக்குக் கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. நாற்காலி எதுக்கு?"

ஞானி பொம்மையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். வாசல்தான் பிடித்திருந்தது. கத்திரியைக்கூட எடுக்காமல் ஓடினார். அக்கா எல்லோர் முன்னாலும் பேக்கரிக்காரரின் வழுக்கையில் கை வைத்து, எழுதாத ஏடுதானே, நானே எழுதிக்கொள்கிறேன் என்றாள். அவருடைய காதிலிருந்து உச்சந்தலைவரை சிவந்துபோனது.

எல்லோருக்கும் தெளிந்துவிட்டதா? வங்கி மேலாளர் மட்டும் என்னைத் தனியாக அழைத்து, பொம்மைக்குச் சொன்னது பலிக்காது என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

அக்கா வேறொரு சலூன் பிடித்தாள். அங்கே அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நேரா வெட்டுவீங்களா?"

முடி வெட்டத் தலையைக் குனிந்து கொடுங்கள், தப்பில்லை. எழுந்திருக்கும்போது அது உங்கள் கழுத்தின் மேல்தான் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். சன்னலோரத்தில், அந்தப் பொம்மைத் தலைக்குப் பக்கத்தில், இன்னும் இடம் காலியாகத்தான் இருக்கிறது.