நானூறு குடைகள் பிறந்த நாடு

அன்பும் மரியாதையும் மிகுந்த சித்தப்பாவுக்கு, உங்கள் அண்ணன் மகள் நடுக்கத்துடன் எழுதுவது. அப்பாவைத் தவிர இங்கே எல்லாரும் நலம். அங்கே சித்தியும் தம்பியும் நலமா? நீங்கள் நலமாக இருக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

இதை அப்பாவின் குடைப் பட்டறையில் ஒரு குடையை விரித்து, அதற்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வெளிச்சம் தெரிந்தால் அம்மா வந்துவிடுவாள். எல்லைச் சாவடியில் நம் நானூறு குடைகளோடு லாரி மூன்று நாளாக நிற்பதற்கு நீங்கள் காரணமில்லை, உங்கள் நாடும் காரணமில்லை. நான்தான்.

சொத்தைப் பாகம் பிரித்ததிலிருந்து பேசாமலிருந்த நீங்கள், இரண்டு நாடுகளும் வரியில்லா வணிக ஒப்பந்தம் போட்ட அன்று போன் செய்து, "அண்ணே, வரிதான் போயிடுச்சே, குடைய அனுப்பு, நான் வித்துத் தரேன்" என்றீர்கள். அன்று முழுக்க அப்பா போனைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆனால் குடை இங்கேதான் செய்தது என்று படிவம் கொடுத்தால்தான் வரி கிடையாதாம். "எட்டாவது படிக்கிறியே, நீயே எழுதிடும்மா" என்று என்னிடம் தந்துவிட்டார். எந்தப் பொருள் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று அதில் கேட்டிருந்தது. ஒரு குடையைப் பிரித்தே பார்த்தேன். துணி நம்முடையது, கம்பி உங்கள் நாட்டுடையது, நூல்கண்டில் நான் கேள்விப்படாத நாட்டின் பெயர். பிடியில் ஒன்றுமே இல்லை, அதனால் 'தெரியவில்லை' என்று எழுதினேன். பொய் எழுதக் கூடாதல்லவா? பிரித்த குடையைத் திரும்பப் பூட்டத் தெரியாமல் மெத்தைக்கடியில் வைத்திருக்கிறேன், முதுகில் குத்துகிறது.

அப்புறம் லாரிக்கார அண்ணன் போன் செய்து, "பேப்பர்ல ஏதோ கோளாறாம், ஆபீசர் விழுந்து விழுந்து சிரிக்கிறாரு, ஆனா வண்டிய விடமாட்டேங்குறாரு" என்றார். அடுத்து நீங்கள், "ஒரு பேப்பர ஒழுங்கா அனுப்பத் தெரியலையா?" அப்பா, "உன் நாட்டு ஆளுங்களுக்குப் படிக்கத் தெரியலன்னா நான் என்னடா பண்ண?" நீங்கள், "உன் குடையும் வேணாம், உன் உறவும் வேணாம்." அம்மா ஸ்பீக்கரை அணைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாளை மறுநாள் அப்பா லாரியைத் திருப்பி அழைக்கப் போகிறாராம். சித்தப்பா, லாரி திரும்பிவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் இனி பேசவே மாட்டீர்கள். தயவுசெய்து அப்பாவிடம் தப்பு என்னுடையது என்று சொல்லிவிடுங்கள். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

காலைப் பேருந்தில் எல்லை தாண்டி வரும் நம் பட்டறைத் தையல்கார அக்கா இதை உங்களிடம் தருவார். சித்திக்கு வணக்கம், தம்பிக்கு முத்தம். உங்கள் ஆசி எனக்கு அவசரமாகத் தேவை.

பின்குறிப்பு: உறை எடுக்க அப்பாவின் மேசையைத் திறந்தேன். நான் எழுதிய படிவம் அப்பாவின் கையெழுத்தோடு அங்கேயே இருக்கிறது! 'பிடி: தெரியவில்லை' என்பதைப் பார்த்துப் பயந்து, வேறொன்றைத் தானே எழுதி அனுப்பியிருக்கிறார். அதன் நகலும் இருக்கிறது. செய்த இடம் என்ற கட்டத்தில் உங்கள் ஊரை எழுதியிருக்கிறார். சொந்த நாட்டுப் பொருளுக்கு யார் வரி கேட்பார்கள் என்று நினைத்திருப்பார், பாவம். என் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன், ஆபீசரிடம் கொடுங்கள். லாரி வந்ததும் அப்பாவுக்குப் போன் செய்து, "எங்க ஆளுங்களுக்குத்தாண்ணே படிக்கத் தெரியல" என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.