ஒற்றையடிப் பாதை, ஒன்றரைக் கிலோமீட்டர்

முப்பத்தாறு வருஷ இல்லறத்தில் ஒரே ஒரு முடிவையாவது தானாக எடுத்துவிட்டுத்தான் ஓய்வு பெறுவது என்று ஸ்கேல் சார் சபதம் செய்தபோது, அவருடைய சர்வீசில் மிச்சமிருந்தது இருபத்திரண்டு நாள்.

ஸ்கேல் சார் என்பது அலுவலகம் வைத்த பெயர். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா செருகுகிற இடத்தில் அவர் ஆறு அங்குல ஸ்கேல் செருகியிருப்பார். ரொட்டியைக்கூட அளந்துதான் வெட்டுவார். ஊரில் பாதித் தெருக்கள் அவர் கோடு போட்ட பிறகு பிறந்தவை. ஒருநாள் கோடு போடும்போது அவருக்குத் தும்மல் வந்துவிட்டதாம், அந்தத் தெரு இன்றுவரை வளைந்துதான் கிடக்கிறது. நான் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொள்வார்.

ஊருக்கெல்லாம் எல்லை போட்ட மனுஷருக்கு வீட்டில் ஒரு நாற்காலி போட இடமில்லை. வெளிச்சம் வருகிற அறை ஒன்றே ஒன்று. தெருப்பக்கம் பெரிய ஜன்னல். அந்த ஜன்னலடியில் முப்பது வருஷமாக உட்கார்ந்திருப்பது அவர் மனைவியின் தையல் மிஷின். மிஷினைச் சுற்றித் தலையணை உறைகள், உயரம் குறைக்க வந்த பேண்டுகள், கை இல்லாத சட்டைகள், சட்டை இல்லாத கைகள். ஸ்கேல் சார் பேப்பர் படிப்பது சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில், ஒற்றைக் காலில்.

சபதம் எடுத்த கையோடு நேராகப் போய்க் கேட்டார்.

"அந்த ரூம் எனக்கு வேணும்."

"எந்த ரூம்?" மிஷின் நிற்கவில்லை.

"வெளிச்சம் வர்ற ரூம். ரிட்டயர் ஆனதும் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு மேஜை போட்டுக்கப் போறேன்."

"போட்டு?"

"உட்காரப் போறேன்."

"உட்கார எதுக்குங்க வெளிச்சம்? அதை இருட்டுலயே பண்ணலாமே."

இங்கே சாதாரணக் கணவனாக இருந்தால் திரும்பியிருப்பான். ஸ்கேல் சார் திரும்பவில்லை. கதவு வரைக்கும்தான் போனார். அதற்குள் மனைவியே கூப்பிட்டாள்.

"நாற்காலி அப்புறம். முதல்ல மலைக்குப் போய்ட்டு வருவோம். பொண்ணுக்கு வேலை கிடைச்சு எட்டு மாசம் ஆச்சு. நடந்தே ஏறி வர்றோம்னு ரெண்டு பேரும் வேண்டிக்கிட்டது ஞாபகம் இருக்கா? சாமியும் எவ்வளவு நாளைக்குத்தான் வாசலைப் பார்த்துக்கிட்டு நிப்பாரு? எந்த வழியா போறதுன்னு சொல்லுங்க."

எந்த வழி! ஸ்கேல் சாரின் உடம்பு ஓர் அங்குலம் உயர்ந்தது. வழி என்றால் வரைபடம். வரைபடம் என்றால் அவர்.

மலைக்கோயிலுக்கு ஊரறிந்த வழி இரண்டு. ஒன்று கிழக்கே, இரண்டாயிரத்து எண்ணூறு படிகள். இன்னொன்று மேற்கே, மலையை ஏழு கிலோமீட்டர் சுற்றிச் சுற்றி ஏறுகிற மண்பாதை. ஊரறிந்ததைச் சொல்வதற்கு ஸ்கேல் சார் எதற்கு? பரணிலிருந்து பழைய வரைபடம் ஒன்றை இறக்கினார். துணி ஒட்டிய காகிதம். அலுவலகத்தில் கழித்துக்கட்டியதை எப்போதோ கொண்டுவந்தது. தூசியைத் தட்டி, பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். பார்த்தவர் துள்ளினார்.

அடிவாரத்திலிருந்து கோயிலின் கொல்லைப்புறம் வரைக்கும் சின்னச் சின்னக் கோடுகளாக ஒரு வரிசை. விட்டு விட்டுப் போட்ட கோடு என்றால் ஒற்றையடிப் பாதை. அவர் தொழிலில் அது அரிச்சுவடி. ஸ்கேலை வைத்தார். சரியாக ஒன்றரைக் கிலோமீட்டர்! கோடு முடிகிற இடத்தில் தடித்த புள்ளி ஒன்று. கிணறு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, கறுப்பு மையில் அழகான நகல் எடுத்தார். "பழைய பாதை" என்று எழுதினார். புள்ளிக்குப் பக்கத்தில் "கிணறு (நல்ல தண்ணீர்)" என்று எழுதினார். நல்ல தண்ணீர் அவருடைய சொந்தச் சரக்கு.

மாலையில் மாடி வீட்டு மருந்துக்கடைக்காரரைச் சாட்சிக்கு அழைத்து, மனைவி முன்னால் நகலை விரித்தார்.

"இது யாருக்கும் தெரியாத பாதை. ஏழு எங்கே, ஒன்றரை எங்கே!"

"அண்ணே, கில்லாடி!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

மனைவி நகலைப் பார்த்தாள். "அசல் எங்கேங்க?" என்றாள். கொடுத்தார். அவள் அதைத் திருப்பி, படமே இல்லாத பின்பக்கத் துணியைப் பார்த்தாள். வரைபடத்தை எந்தப் பக்கம் பார்ப்பது என்றுகூட இவளுக்குத் தெரியவில்லையே என்று ஸ்கேல் சார் மருந்துக்கடைக்காரருக்குக் கண்ணைக் காட்டினார்.

"கிணறு கூட இருக்கா?" என்றாள் மனைவி.

"நல்ல தண்ணீர்."

"சரி, நீங்க இதுல வாங்க. நான் மண்பாதையில வர்றேன்."

"ஏழு கிலோமீட்டரா? பைத்தியமா உனக்கு?"

"நிழல் இருக்குமே. மெதுவா வர்றேன்."

ஸ்கேல் சாரின் மூளையில் பல்பு எரிந்தது. இப்படியொரு சந்தர்ப்பம் இனி எந்த ஜென்மத்தில் வாய்க்கும்?

"அப்ப ஒரு பந்தயம். யார் முதல்ல கோயில் வாசலுக்கு வர்றாங்களோ, ஜன்னல் ரூமை என்ன பண்றதுன்னு அவங்க சொல்றதுதான் சட்டம். அப்புறம் பேச்சே கூடாது."

"பேச்சே கூடாதுன்னா, உங்களுக்குமா?"

"எனக்கும்தான்!"

"தம்பி, கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் அவள்.

"கேட்டுட்டேன் அக்கா. நான் முன்னாடியே படி ஏறிப் போய் வாசல்ல உட்கார்ந்துக்கறேன். தைலமும் ரெண்டு பாட்டில் எடுத்துக்கறேன்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

காலை ஆறு மணி. அடிவாரம். மனைவி குடையோடு மேற்கே திரும்பினாள். ஸ்கேல் சார் அவளுக்கு டாட்டா காட்டிவிட்டு நகலை விரித்தார். பாதை தொடங்க வேண்டிய இடத்தில் ஒரு டீக்கடை நின்றது.

"இங்கே ஒரு பாதை இருக்கணுமே?"

"பாதை இருந்தா நான் கடையைத் தெருமேல ஏன் சார் போடப் போறேன்? அதுலயே போட்டிருப்பேனே" என்றார் டீக்கடைக்காரர்.

விவரம் தெரியாத ஆள். ஸ்கேல் சார் கடையைச் சுற்றிக்கொண்டு போனார். பின்னால் முள். முள்ளைத் தாண்டினால் பெரிய முள். அதையும் தாண்டும்போது சட்டையின் ஒரு கை அங்கேயே தங்கிவிட்டது. எட்டு மணிக்கு மூன்று மாடி உயரத்தில் ஒரு பாறை குறுக்கே நின்றது. நகலின்படி பாதை அந்தப் பாறைக்குள்ளேயே நுழைந்து மறுபக்கம் வந்தது. பாறைமேல் ஓர் ஆடு நின்று அவரையே பார்த்தது. பிறகு தலையை ஆட்டிவிட்டு, இந்த ஆளோடு நின்றால் நம் பெயர் கெடும் என்று அதுவும் போய்விட்டது.

ஒன்பது மணிக்குத் தாகம். கிணறாவது எங்கே என்று பார்ப்பதற்காகப் பையிலிருந்து அசல் வரைபடத்தை எடுத்து மடியில் விரித்தார். வெயில் நன்றாக விழுந்தது. கிணற்றின்மேல் விரலை வைத்தார். கிணறு மேடாக இருந்தது.

மேடான கிணறா? நகத்தால் சுரண்டினார். அசைந்தது. பிடித்து இழுத்தார். கிணறு வந்தது. கிணற்றோடு பாதையும் வந்தது. கோடு கோடாக, சரசரவென்று, கோயில் கொல்லையிலிருந்து அடிவாரம் வரைக்கும் ஒரு முழம் பாதை அவர் கையில் தொங்கியது. நல்ல கறுப்பு நூல். கிணறு அதன் முடிச்சு. பாதை போன இடத்தில் மலை இரண்டாகக் கிழிந்து, ஆளுக்குப் பாதியாக அவருடைய இரு தொடைகளிலும் கிடந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வரைபடம் கிழிந்துவிட்டது என்று கொண்டுபோய்க் கொடுத்ததும், ஜன்னலடியில் உட்கார்ந்து அதை ஒட்டுப்போட்டுத் தைத்துத் தந்தவள் யார் என்பதும். அவள் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தது ஏன் என்பதும்.

முள்ளையெல்லாம் மறுபடி விசாரித்துக்கொண்டு இறங்கி, படிக்கட்டுக்கு வரும்போது மணி பத்து. இரண்டாயிரத்து எண்ணூறு படியையும் ஏறியாக வேண்டும். ஆனால் ஸ்கேல் சார் மனம் தளர்கிற ஆள் இல்லை. நூறு படிக்கு ஒரு வரி என்று கதையை ஜோடித்துக்கொண்டே ஏறினார்.

மணி ஒன்று. கோயில் வாசல் மரத்தடியில் மனைவி கடலை கொறித்துக்கொண்டிருந்தாள். பத்தரைக்கே வந்துவிட்டாளாம். முப்பது வருஷம் மிஷின் மிதித்த கால்.

"அண்ணே, ஒன்றரைக் கிலோமீட்டர் ரொம்ப நீளமோ?" என்றார் மருந்துக்கடைக்காரர், தைலத்தை நீட்டியபடி.

"பாதை அருமையான பாதைதான். நடுவுல இரும்பு கேட் போட்டு மூடிட்டாங்க. ரெண்டு காவல்காரங்க. உங்க உயிர் எங்களுக்கு முக்கியம் சார்னு காலைப் பிடிக்காத குறை. கரடி நடமாட்டமாம்."

"கரடியா!"

"ஒண்ணா ரெண்டா? குடும்பத்தோட. அதுல ஒண்ணுதான் இந்தச் சட்டைக் கையை..."

"அடடா" என்றாள் மனைவி. "கிணறு வரைக்குமாவது விட்டாங்களா?"

"தூரத்துல இருந்து பார்த்தேன்."

"ஒத்தை நூல்தான் போட்டிருந்தேன். இழுத்தா வந்துடும். வந்துடுச்சா?"

கரடிக் குடும்பம் அந்த க்ஷணமே காட்டுக்குள் ஓடிப்போனது. ஸ்கேல் சார் பையிலிருந்து நூலை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?"

"முப்பத்தாறு வருஷத்துல முதல் தடவையா ஒரு முடிவு எடுத்தீங்க. அதுல போய் நான் குறுக்க வரலாமா?"

சாமி முன்னால் நின்றபோது ஸ்கேல் சார் எதையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அறை போச்சு. இனி ஆயுசுக்கும் ஒற்றைக் கால் பேப்பர்தான்.

கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: "ஜெயிச்சவங்க சொல்றதுதானே சட்டம்? சொல்றேன். ஜன்னலடி உங்களுக்குத்தான். மிஷினை நான் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கறேன்."

ஸ்கேல் சாருக்குக் காது அடைத்தது. "நிஜமாவா? நாற்காலி?"

"போட்டுக்கோங்க. சாய்வு நாற்காலி வேண்டாம், நிமிர்ந்து உட்கார்ற மாதிரி நல்லதா ஒண்ணு."

"மேஜை?"

"மேஜை இல்லாம எப்படி? ஜன்னலை ஒட்டியே போடுங்க."

ஸ்கேல் சார் நெஞ்சை நிமிர்த்தினார். கிழிந்த சட்டையில் ஒரு கைதான் இருந்தது. அந்தக் கையை மருந்துக்கடைக்காரர் தோளில் போட்டார். "பார்த்தியா தம்பி? தோத்தும் ஜெயிச்சேன். குடும்பத்தை நடத்துறதுன்னா இப்படி நடத்தணும்!"

"ஒண்ணாம் தேதியே உட்கார்ந்துடணும்" என்றாள் மனைவி.

"அத்தனை நாளா? அதுவே எனக்கு அதிகம்!"

"பேச்சு மாறக் கூடாது. ஒரு பள்ளிக்கூடத்துல இருந்து நூத்தி இருபது சட்டைக்கு வாக்குக் கொடுத்துட்டேன். ஒரு சட்டைக்கு ஏழு பட்டன். இம்மி பிசகாம அளந்து, காஜா எடுத்துப் பட்டன் கட்டணும்னா உங்களுக்கு வெளிச்சம் வேணுமில்லையா?"