கை நனைக்க விடாத பூட்டு பாய்

கோயமுத்தூரில் பூட்டு பாயைப் போல ஓசிச் சோறு தின்றவரும் கிடையாது. தின்றுகொண்டே போட்டவனைத் திட்டியவரும் கிடையாது. அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உக்கடத்தில் பூட்டு ரிப்பேர் செய்பவர். பெயர் யாருக்கும் தெரியாது. தொண்ணூறுகளில் தென்னந்தோப்புகளை வெட்டி, வெள்ளைக் கல் நட்டு, வீடு கட்டும் சைட் என்று விற்கக் கிளம்பியிருந்தார்கள். ஞாயிறானால் இடம் பார்க்க வருகிறவர்களுக்கு ஓசி வேன், ஓசிச் சாப்பாடு. எந்த வேனிலும் முதல் சீட்டில் பாய் இருப்பார். ஒரு சாண் நிலம் வாங்கியதில்லை.

நான் வேலை பார்த்த மில்லை மூடிக் கணக்கு முடித்த நேரம் அது. கையில் வந்த பணம் கரைவதற்குள், நானும் மகளும் தலை சாய்க்க ஓர் இடம் வாங்கியாக வேண்டும். வெளி ஆண்களிடம் பேச எனக்கு நாக்கு எழாது. வீட்டுப் பூட்டு ரிப்பேரில் பழக்கமான பாயைத்தான் துணைக்குக் கூப்பிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதல் சைட் பொள்ளாச்சி ரோட்டில். பிரியாணி போட்டார்கள். நான் கை வைக்கப் போனேன். பாய் என் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“கை நனைக்காதீங்க அம்மணி! பொண்ணு பாக்கப் போன ஊட்ல கை நனைச்சா சம்மதம்னு அர்த்தமில்லீங்களா? தின்னுபோட்டு வேண்டாங்கறதுக்கு உங்களுக்கு வாய் வராதுங்க.”

“உங்களுக்கு மட்டும் வருமாக்கும்?”

“எனக்குத்தான் வெக்கமே கெடையாதுங்களே!”

என் பங்கையும் தின்று ஏப்பம் விட்டார். பிறகு சைட்காரரிடம் திரும்பினார். “ஏனுங்க, தோண்டுன எடமெல்லாம் தண்ணி பொங்குதுன்னீங்க. பிரியாணி ஆக்கறதுக்கு மட்டும் எதுக்குங்க லாரித் தண்ணி?”

வேனில் வந்த ஒருவரும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. டிரைவர் எங்கள் இருவரை மட்டும் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போனார். நான் பட்டினியோடு நடந்தேன். “நடந்தா செரிக்குமுங்க” என்றார் அவர்.

அதையாவது பொறுக்கலாம். பீளமேட்டுப் பக்கம் பார்த்த சைட்டை எப்படிப் பொறுப்பது? பக்கத்திலேயே பஸ், நல்ல தண்ணீர், சுத்தமான பத்திரம். ஆனால் அவர்கள் பாயசம் போட்டுவிட்டார்கள்.

“பாயசமா! சோறு ருசிச்சா நெலத்துல கோளாறுங்க. வில்லங்கம் இருக்குது, எந்திரிங்க!” என்று, மூன்றாவது டம்ளரைக் குடித்தபடியே கத்தினார். கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக எங்களை அனுப்பினார்கள். இன்றைக்கு அங்கே வரிசையாக லேடீஸ் ஹாஸ்டல். ஒரு வில்லங்கமும் இல்லை. பாவி மனுசன்!

அடுத்த ஞாயிறு அவருக்குச் சொல்லாமல் வேறொரு வேனில் ஏறினேன். இறங்கிப் பார்த்தால் தரையெல்லாம் நத்தை ஓடு. மழை வந்தால் குளமாகிற பூமி என்று எனக்கே தெரிந்தது. அதற்குள் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். எதிர் வரிசையில் பாய்! பின்னால் வந்த வேனில் ஏறி வந்திருக்கிறார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அந்தக் கோபத்திலேயே சாம்பாரைக் கேட்டு வாங்கித் தின்றேன்.

கை கழுவியதும் சைட்காரர் வந்தார். “சாப்பாடு திருப்திங்களா அம்மணி? அட்வான்ஸ் போட்டுறலாமுங்களா?”

நத்தை ஓடு காலில் குத்திக்கொண்டிருந்தது. ஆனாலும் தின்றுவிட்டேனே! வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. கை தானாக மடியில் இருந்த பணத்துக்குப் போனது.

பாய் எச்சில் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். பையைத் துழாவி, கசங்கிய நோட்டுகளைச் சைட்காரர் கையில் திணித்தார்.

“அம்மணி தின்ன சோத்துக்குக் காசுங்க. ஓட்டல்ல தின்ன மாதிரி வெச்சுக்கங்க. அவங்க கை நனைக்கலீங்க.”

“அப்ப நீங்க தின்னதுக்கு?”

“எனக்கு ஒரு வாய்க்கும் காசு குடுத்துப் பழக்கமில்லீங்க.”

அப்போதுதான் என் வாயிலிருந்து “வேண்டாமுங்க” என்று வந்தது.

பிறகு துடியலூர்ப் பக்கம், குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்காத ஒரு தோட்டத்துச் சொந்தக்காரரிடம் மூன்று சென்ட் வாங்கி ஓட்டு வீடு கட்டினேன். பீளமேட்டுக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. புது வீட்டில் குடிபுகுந்த அன்று முதல் இலை அவருக்குத்தான் போட்டேன். போதும் என்று அவர் சொல்கிற வரை பரிமாற நின்றேன். அவர் சொல்லவும் இல்லை, நான் நகரவும் இல்லை.