காளவாய்க்கு மூடி போட்ட கதை

முதலில் நான் யாரென்று தெரிந்துகொள்ளுங்கள். அரியலூர் பக்கம் முள்ளுக்காடாகக் கிடந்த மேட்டில் சுண்ணாம்புக் காளவாய் கட்டியவன் நான். ஒரு மழையில் சரிந்தது, மறுபடி கட்டினேன். கிணறு வெட்டினேன், அங்கே தண்ணீரே வராது என்றவர்களுக்கு அதிலிருந்தே குடிக்கக் கொடுத்தேன். மாடி வீடு கட்டினேன், லாரி வாங்கினேன், மகள் செல்வியைக் கல்லூரிக்கு அனுப்பினேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. (அதுவும் முழுசாக இல்லை.) இத்தனையும் யாரிடமும் யோசனை கேட்காமல் செய்தேன். அந்தப் பெருமைதான் ஒருநாள் குன்னத்தில், பத்து வீட்டுக்காரர்கள் பார்க்க, என் மானத்தை வாங்கியது.

காளவாய் என்பது தரைக்கு மேலே எழும்பிய கிணறு மாதிரி. உள்ளே சுண்ணாம்புக்கல், கீழே தீ, மேலே திறந்த வாய். அந்த வாய் வழியாகச் சூடு வீணாகப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். செல்விக்குக் குன்னத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்த நேரம். சம்பந்தி வீடு கட்டிக்கொண்டிருந்தார். மாடித் தளத்துக்குச் சுண்ணாம்பு என் பொறுப்பு. தளம் போட்டு, வீட்டுக்குக் குடி போனால்தான் கல்யாணம். சம்பந்திக்குப் போகிற சரக்கு ஊரில் இல்லாத சரக்காக இருக்க வேண்டாமா? இரும்புத் தகடுகளால் காளவாயின் வாயை மூடி, சந்து இல்லாமல் களிமண் பூசினேன். தீயின் புகைக்கு மட்டும் கீழே பக்கவாட்டில் ஒரு வழி விட்டேன்.

என் மனைவி பார்த்துவிட்டு, “ஏங்க, சோத்துப் பானை மூடியவே சாச்சுதான வைக்கிறோம். இத இப்படி அடைக்கிறீங்க?” என்றாள்.

“சோறு வேற, கல்லு வேற. போயி அடுப்பப் பாரு.”

மூடியபடியே எரித்தேன், மூடியபடியே ஆறவிட்டேன். லாரியில் ஏற்றும்போது டிரைவர் முருகேசன் மூச்சு வாங்கினான். “முதலாளி, வெந்த கல்லு லேசால்ல இருக்கும்? இது இந்தக் கனம் கனக்குது?”

“சத்து வெளிய போவாம அடைச்சு வச்சிருக்கேன்டா. கனக்காம என்ன செய்யும்?”

அவன் தலையை ஆட்டினான். (நான் சொன்னால் எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். அதுதான் எனக்குப் பிடித்த நோய்.)

குன்னத்தில் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றும் குழி தயாராக இருந்தது. பெண்ணைப் பெற்றவர் கையால் முதல் குடம் ஊற்றட்டும் என்றார்கள். நல்ல சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் சீறிக் கொதிக்கும். ஆகவே நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை விரட்டினேன்.

“எல்லாரும் தள்ளி நில்லுங்க! தெறிச்சா கண்ணு போயிடும்! இது சாதாரணச் சுண்ணாம்பு இல்ல, நானா கண்டுபிடிச்ச முறையில சுட்டது!”

பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். சம்பந்தி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஊற்றினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொரு குடம் ஊற்றினேன். குளிப்பாட்டிய பிள்ளை மாதிரி கல் பளபளத்தது. “கொஞ்ச நேரமாவும்” என்றேன். நின்றோம். எங்கிருந்தோ ஒரு கோழி வந்து, குழியில் இறங்கி, சாவகாசமாகத் தண்ணீர் குடித்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “சம்பந்தி, துண்ட எடுக்கலாமா?”

பூமி பிளந்திருந்தால் நன்றியோடு உள்ளே போயிருப்பேன். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வந்தார். “வெறுங்கல்லக் கொண்டாந்து கொட்டிட்டுச் சுண்ணாம்புங்கிறாரு. பொண்ணப் பத்திச் சொன்னத மட்டும் எப்படி நம்புறது? யோசிச்சுத்தான் செய்யணும்.”

செல்வியின் கல்யாணம் அந்தக் குழிக்குள் கிடந்தது. கோழி அதன் மேல் நின்றது.

மாப்பிள்ளை இளங்கோ பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார். ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார். “மாமா, காளவாய மூடுனீங்களா?”

“கெட்டியா.”

“அதாம்மா! கல்லு சுட்டா சுண்ணாம்பு ஒரு பக்கம், காத்து ஒரு பக்கமாப் பிரியும். ஆனா அந்தக் காத்து போகவும் செய்யும், திரும்பி வரவும் செய்யும். காத்து வெளிய போயிட்டே இருந்தாத்தான் கல்லு மேல மேல பிரியும். உள்ளயே அடைச்சா ஓரளவோட நின்னுடும். சூடு குறைஞ்சா, பிரிஞ்சதுகூடத் திரும்பச் சேந்து கல்லாயிடும். மாமா ஏமாத்தலம்மா. தெரியாமச் செஞ்சிட்டாரு.”

“அத அவரே சொல்லட்டும்” என்றார் அம்மா.

எனக்கு இருந்தது இரண்டே வழி. ஒன்று திருடன், இன்னொன்று முட்டாள். திருடன் மகளுக்குக் கல்யாணம் நடக்காது. பிறந்ததிலிருந்து என் வாயில் வராத வார்த்தை அன்று வந்தது.

“எனக்குத் தெரியலங்க.”

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “ம். சாப்புட்டுப் போங்க.”

சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

அதே கல்லைத் திருப்பிக் கொண்டுபோய், வாயைத் திறந்து வைத்துச் சுட்டுக் கொண்டுவந்தேன். இந்த முறை குடத்தை என்னிடம் கொடுக்கவில்லை. “தள்ளி நில்லுங்க!” என்று கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. கொதித்த கொதியில் சம்பந்தி வேட்டியில் ஓட்டை விழுந்தது. கல்யாணம் நடந்தது.

இன்றும் வீட்டில் நான் எதையாவது செய்து காட்டுகிறேன் என்று ஆரம்பித்தால், பேத்தி முதற்கொண்டு கேட்கிறாள்: “தாத்தா, துண்ட எடுக்கலாமா?” அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு. மாப்பிள்ளை வருஷா வருஷம் இந்தப் பாடத்தை, “ஒரு காளவாய்க்காரர் இருந்தார்” என்று தொடங்கித்தான் நடத்துகிறாராம். பிள்ளைகள் மறப்பதே இல்லையாம். ஆனால் புத்தகத்தில் இந்த விதிக்கு எவனோ வெள்ளைக்காரன் பெயர் போட்டிருக்கிறது. அவன் காளவாயை மூடினானா? சம்பந்தி முன்னால் குடத்தோடு நின்றானா? அவனைக் கோழி பார்த்ததா?

மாப்பிள்ளை, ‘ஒரு காளவாய்க்காரர்’ எல்லாம் வேண்டாம். எனக்குப் பெயர் இருக்கிறது: ரெங்கசாமி. கரும்பலகையில் அந்த வெள்ளைக்காரன் பெயருக்குப் பக்கத்தில் அதையும் எழுத வேண்டும். கொஞ்சம் பெரிய எழுத்தில்.